உழைப்பு வேறு, பயிற்சி வேறு

தேயிலை மலையில் வேலை செய்கிறவரை விளையாட்டு மருத்துவர் பார்க்கும்போது முதலில் கண் போவது தோளுக்கு. இரண்டு கையாலும் பிடிக்கும் பெரிய கத்தரி. அதன் ஓர் அலகில் தட்டு ஒன்று பொருத்தியிருக்கும். வெட்டிய கொழுந்து அதில் விழும். செடியின் மேல்மட்டத்தை ஒட்டி நாலைந்து வெட்டு, பிறகு கத்தரியைத் தட்டோடு தூக்கித் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசி முதுகுக் கூடையில் கொட்டுதல், மறுபடி வெட்டு. காலையில் தொடங்கினால் பிற்பகல் வரை இதே அசைவு. பூப்பந்து ஆட்டக்காரர் பந்தை ஓங்கி அடிக்கும்போது எந்தத் தசைநாண் உரசுகிறதோ அதே தசைநாண்தான் இங்கேயும் உரசுகிறது. ஆனால் பூப்பந்துக்காரருக்குப் பயிற்சியாளர் இருக்கிறார், ஓய்வு நாள் இருக்கிறது, போட்டி இல்லாத மாதங்கள் இருக்கின்றன. மலேசியாவின் கேமரன் மலையில் குளிர்காலம் வந்து செடி உறங்குவதில்லை. வருடம் முழுக்கத் துளிர்க்கிறது. வெட்டுகிறவரின் தோளுக்கும் வருடம் முழுக்க வேலை.

நான் கோலாலம்பூரில் விளையாட்டு மருத்துவம் படித்து, அங்கேயே வேலை பார்ப்பவள். தாப்பா வழியாக மலையேறி வந்து தோட்ட மக்களைப் பார்க்க ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகின்றன. கோவில் மண்டபத்தில் பார்ப்பேன், பள்ளி விடுமுறையில் காலியாக இருக்கும் வகுப்பறையில் பார்ப்பேன், நடக்க முடியாதவர்களை அவர்கள் குடியிருக்கும் லயத்து வாசலிலேயே பார்ப்பேன். "பந்து விளையாடுறவங்களுக்கு வைத்தியம் பாக்குற டாக்டருக்கு இங்க என்னா வேலை?" என்று கேட்காதவர் குறைவு. நியாயமான கேள்வி. அதற்கு முழுப் பதிலை எழுதிவைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

மலையின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்குள்ள வலிகளுக்கும் வரலாறு உண்டு. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டு பதிவுசெய்த மேட்டுநிலம் இது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார்; 1933இல் பாரத் தோட்டம் வந்தது. இந்தச் சரிவுகளில் செடி வளர்த்த கைகளில் பெரும்பாலானவை தமிழர்களுடையவை. அப்போது கொழுந்தைக் கையால் கிள்ளினார்கள்: இரண்டு இலையும் ஒரு மொட்டும். அந்தக் காலத்துப் பாட்டிமார் இன்றும் கட்டைவிரலின் அடியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. நாள் முழுக்கக் கிள்ளினால் அந்த உறை தடித்து, நாண் உள்ளே சிக்கித் திணறும். 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கெர்வெயினின் பெயரால்தான் மருத்துவர்கள் இந்த நோயை இன்றும் அழைக்கிறார்கள்.

கத்தரி வந்ததும் வலி கட்டைவிரலிலிருந்து முழங்கைக்கும் தோளுக்கும் ஏறியது. சரிவு குறைந்த இடங்களில் இப்போது இயந்திரம். செடி நிரையின் இரு பக்கமும் ஆளுக்கொருவர் பிடித்துக்கொண்டு செடிக்கு மேலாக நகர்த்துவார்கள். பின்னால் நீண்ட பை இழுபடும். அதில் வலி இடுப்புக்கு இறங்கியது, அதிர்வு விரல்களுக்கு வந்தது. செங்குத்தான மலைகளில் இயந்திரம் போகாது. அங்கே இன்னும் கத்தரிதான். ஆக, ஒருவர் உடம்பின் எந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறார் என்பதைப் பார்த்தே எந்தக் கருவியில் அதிக காலம் இருந்தார் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

எக்ஸ்ரே படத்துக்கு முன்னால் ஆட்டத்தைப் பார் என்பது எங்கள் துறையின் பாலபாடம். ஓட்டக்காரரின் முழங்கால் வலிக்குக் காரணம் அவர் ஓடும் விதத்தில் இருக்கும், படுக்கவைத்துப் பார்த்தால் தெரியாது. அதனால் நானும் நிரைக்குள் போய் நின்று பார்த்தேன், கத்தரியை வாங்கி வெட்டியும் பார்த்தேன். பரிசோதனை மேசையில் தெரியாதது அங்கே தெரிந்தது. தோள் நாணை அதிகம் வருத்துவது வெட்டு அல்ல. வெட்டியதைத் தூக்கிப் பின்னால் வீசும் அந்த ஒரு கணம். தட்டு நிறைய நிறைய அந்த வீச்சு கனக்கிறது. தட்டு பாதி நிறைந்ததுமே கொட்டிவிடப் பழகினால் வீச்சின் எண்ணிக்கை கூடும், ஒவ்வொரு வீச்சின் சுமை குறையும். சிலருக்கு இந்த மாற்றம் மாத்திரையைவிட அதிகம் உதவியது.

விளையாட்டு மருத்துவம் மிகப் பழைய துறை அல்ல. 1928இல் செயின்ட் மோரிட்ஸில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது உலக விளையாட்டு மருத்துவக் கூட்டமைப்பு உருவானது. பிரிட்டன் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றுக்கொண்டது 2005இல்தான். அதற்கு முன்பே, 1996இல், மலாயாப் பல்கலைக்கழகம் இதில் முதுகலைப் பட்டப் படிப்பைத் தொடங்கிவிட்டது. அறுவை செய்யாமல், அசைவைக் கொண்டே உடம்பைச் சரிசெய்வது இதன் பெரும்பகுதி. தசைநாண், மூட்டு, சோர்வு, இதயத் தாங்குதிறன், நீரிழிவு உள்ளவருக்குப் பயிற்சி எழுதிக் கொடுப்பது எல்லாம் இதற்குள் அடங்கும்.

மலேசியத் தமிழருக்கு இந்தத் துறை அந்நியமும் அல்ல. டாக்டர் மணி ஜெகதீசன் மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் ஓடிய 20.92 விநாடி 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது. பிறகு சுகாதார அமைச்சில் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார். ஆசிய, காமன்வெல்த் விளையாட்டு அமைப்புகளின் மருத்துவப் பணிகளிலும் பங்கேற்றார். அதே 1966இல் நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதைப் பெற்ற எம். ராஜாமணி, இந்த மலைச்சாலை தொடங்கும் தாப்பாவில் பிறந்தவர். இவர்களுடைய கதைகளைக் கேட்டு வளர்ந்ததால்தான் நான் இந்தத் துறைக்கு வந்தேன். மலைக்கு வந்த பிறகு, அந்த வீரர்களுக்குக் கிடைத்த கவனிப்பு இங்கே குனிந்து நிற்கிறவர்களுக்கும் சேர வேண்டும் என்ற எண்ணம் உறுதியானது.

துறையின் அடிப்படையை ஒரே வரியில் சொல்லலாம். உடம்பின் தாங்குதிறனுக்கும் அதன் மேல் விழும் சுமைக்கும் உள்ள கணக்குதான் காயம். சுமை கொஞ்சம் கூடி, பிறகு ஓய்வு கிடைத்தால் தசையும் நாணும் எலும்பும் முன்னைவிட வலுவாகும். அதுதான் பயிற்சி. சுமை விழுந்துகொண்டே இருந்து, ஆறுவதற்கு நேரம் இல்லாவிட்டால் அதே தசையும் நாணும் தளரும். தோட்டத்துக்கு இந்தக் கணக்கு தெரியாததல்ல. கவ்வாத்து வெட்டிய செடியைப் பல வாரங்கள் தொடமாட்டார்கள். கொழுந்து எடுத்த நிரைக்கு அடுத்த சுற்று வரை இடைவெளி விடுவார்கள். விடாவிட்டால் செடி போய்விடும் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் தெரியும், தோட்டத்தை நடத்தும் துரைக்கும் தெரியும். செடிக்குப் பார்க்கும் இந்த முறையை வெட்டுகிறவரின் தோளுக்கும் பாருங்கள் என்று நான் சொல்லும்போது யாரும் மறுத்துப் பேசியதில்லை.

ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மா. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் நடுவில் ஓர் இடத்தில் சுரீர் என்கிறது, அதைத் தாண்டினால் குறைகிறது. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. தோள்பட்டை எலும்பின் கூரைக்கும் கை எலும்பின் தலைக்கும் நடுவே ஓடும் நாணில் கோளாறு. கோடாலித் தைலம் தேய்த்தார், மருத்துவமனையில் வலி மாத்திரை வாங்கினார், ஓய்வெடுக்கச் சொல்லி எம்.சி. என்னும் மருத்துவ விடுப்புச் சீட்டும் கொடுத்தார்கள். அவர் என்னிடம் சொன்னது: "ரெண்டு வாரம் எம்.சி. குடுத்தா வீட்ல உக்காந்திருப்பேன் டாக்டரம்மா. மூணாவது வாரம் அதே கத்தரிதானே?"

அவர் சொன்னது மருத்துவ உண்மை. இரண்டு வாரம் சும்மா இருந்த நாண் வலி குறைந்து, அதோடு வலுவும் குறைந்து திரும்புகிறது. திரும்பிய முதல் நாளே முழுச் சுமை விழுகிறது. தொழில்முறை ஆட்டக்காரரை எந்தக் குழுவும் அப்படித் திரும்ப இறக்காது. பாதி நேரம், முக்கால் நேரம் என்று படிப்படியாகத்தான் இறக்கும். அந்த அம்மாவிடம் நான் கேட்டது எங்கே வலிக்கிறது என்பதை அல்ல. எந்த வேலைக்குத் திரும்ப வேண்டும், எத்தனை மணி நேரம், எந்த மலையில் என்று கேட்டேன். பிறகு மண்டோரோடு உட்கார்ந்து பேசினோம். முதலில் காலையில் மட்டும் கத்தரி, பிற்பகலில் நாற்றங்காலிலோ களை எடுப்பிலோ வேலை. வாரம் போகப் போகக் கத்தரி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். "ஆள் பத்தாதே டாக்டர்" என்றார் அவர். ஒரு மாதம் அரை ஆளாக இருப்பவர் அப்புறம் முழு ஆளாக நிற்பார், இல்லையென்றால் ஒரு வருடத்தில் ஆளே இருக்க மாட்டார் என்றேன். யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

வீட்டில் செய்யப் பயிற்சிகள் கொடுத்தேன். முழங்கையை விலாவோடு ஒட்டி, நடுவில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு, பழைய மோட்டார் சைக்கிள் டியூபைக் கதவுப்பிடியில் கட்டி வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். பயிற்சி செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன், இல்லையென்றால் முதல் வலியிலேயே விட்டுவிடுவார்கள். பத்துக்கு நாலு ஐந்து அளவு வலி பரவாயில்லை. ஆனால் மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும்போது நேற்றையதைவிட மோசமாக இருக்கக் கூடாது. இருந்தால் அன்றைக்குக் குறைக்க வேண்டும். இந்த 'மறுநாள் காலைக் கணக்கு' விளையாட்டு மருத்துவத்தில் நன்கு ஆராயப்பட்ட முறை. அளவுகோலும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம்.

எல்லோரும் கேட்பது ஊசி. "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க." ஸ்டீராய்டு ஊசி வலியைச் சில வாரங்கள் அடக்கும், உண்மைதான். ஆனால் முழங்கையின் வெளிப்புற நாண் வலியில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் செய்து 2013இல் வெளியிட்ட சோதனையில், ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள் மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களைவிட மோசமாக இருந்தார்கள். வலி போனதும் சுமை ஏற்றுகிறோம், நாண் அதற்குத் தயாராகியிருக்காது. அறுவையும் அப்படித்தான். தோள் எலும்பின் கூரையைச் செதுக்கும் அறுவை பல்லாயிரம் பேருக்குச் செய்யப்பட்டுவந்தது. பிரிட்டனிலும் பின்லாந்திலும் செய்து 2018இல் வெளியான இரண்டு ஆய்வுகள், செதுக்காமல் உள்நோக்கிக் கருவியால் வெறுமனே பார்த்ததற்கும் அதற்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்று காட்டின. இதையெல்லாம் நோயாளியிடம் பொறுமையாக எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை. ஊசி போட்டு அனுப்ப ஐந்து நிமிடம் போதும். ஏன் வேண்டாம் என்று விளக்க அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரம்தான் வைத்தியம்.

தோள் வலி என்று வருகிற எல்லோருக்கும் இந்தப் பயிற்சியைக் கொடுத்துவிட முடியாது. முழங்கையை விலாவில் ஒட்டவைத்து, முன்கையை நானே வெளிப்பக்கம் திருப்பிப் பார்ப்பேன். நான் திருப்பியும் திரும்பவில்லை என்றால் அது நாண் கோளாறு அல்ல, தோள் மூட்டின் உறையே இறுகிப்போனது. உறைந்த தோள் என்போம். அது நீரிழிவு உள்ளவர்களுக்கு அதிகம் வரும். அதனால் இப்படிப்பட்ட தோளோடு வருகிறவரின் சர்க்கரை அளவைப் பார்க்காமல் விடமாட்டேன். தோளைக் காட்ட வந்து, சர்க்கரை இருப்பதை முதன்முதலாகத் தெரிந்துகொண்டு போனவர்கள் உண்டு.

இனி கால். மலையேறுவதால் முழங்கால் தேய்கிறது என்று பொதுவாக நினைக்கிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். கால் வலி பெரும்பாலும் இறங்கும்போது வருகிறது. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். முழங்கால் சில்லின் மேல் அழுத்தம் பல மடங்காகும். கொழுந்துச் சுமை நிறைந்திருப்பதும் இறங்கும்போதுதான். மழை பெய்த செம்மண், ரப்பர் பூட்ஸ், முதுகில் பாரம். இதற்கும் பயிற்சி உண்டு. படிக்கட்டின் விளிம்பில் நின்று ஒற்றைக் காலை மெதுவாக மடக்கி இறங்கி, மறு காலின் உதவியோடு ஏறுவது. இறக்கத்துக்கான வலுவை இறக்கத்திலேயே, ஆனால் அளவோடு, கற்றுக்கொடுக்கிறோம்.

குதிகால் நாண் வலிக்கும் இதே தத்துவம்தான். 1998இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃபிரெட்சன் வெளியிட்ட முறை: படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைக் கீழே இறக்க வேண்டும், முட்டியை நீட்டியும் மடக்கியும் பதினைந்து பதினைந்தாக மூன்று சுற்று, ஒரு நாளில் இரண்டு வேளை, 12 வாரம். கூட்டினால் தினமும் 180 தடவை. மலைத்தோட்டத்தில் இதற்குக் கருவி தேடவே வேண்டாம். லயத்து வாசல் எல்லாவற்றிலும் படி இருக்கிறது. பல் துலக்கும்போது ஒரு வேளை, இரவு சோற்றுக்கு முன் ஒரு வேளை என்று பழக்கிவிட்டால் செய்துவிடுகிறார்கள்.

கணுக்கால் பிசகு இங்கே அன்றாடம். எல்லோரையும் எக்ஸ்ரேக்கு அனுப்பினால் ஒரு நாள் கூலி போகும், வண்டி பிடிக்க வேண்டும், தானா ராத்தா மருத்துவமனையில் காத்திருக்க வேண்டும். யாரையும் அனுப்பாவிட்டால் முறிவு தப்பிவிடும். கனடாவின் ஒட்டாவாவில் இயன் ஸ்டியலும் அவரது குழுவினரும் 1992இல் வெளியிட்ட விதிகள் இதற்கு மிகவும் உதவுகின்றன. கணுக்காலின் இரு பக்க எலும்பு முனைகளின் பின்விளிம்பில் அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் நடுவில், உள்பக்க எலும்பிலும் சுண்டுவிரல் எலும்பின் அடியிலும் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும் இப்போதும் நாலு எட்டு வைக்க முடிகிறதா? எலும்பில் வலி இல்லை, நாலு எட்டும் வைக்க முடிகிறது என்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்க்கும் டிரஸர்களுக்கும் இளைஞர் மன்றப் பையன்களுக்கும் இதை விரல் வைத்துக் காட்டிப் பழக்கியிருக்கிறேன்.

மருத்துவர்களையும் குழப்பும் கேள்வி ஒன்று உண்டு. "காலையிலேருந்து ஏறி எறங்குற ஒடம்பு டாக்டரம்மா, இதுக்கு மேல என்னா எக்சசைஸ்?" உடல் அசைவு இதயத்தைக் காக்கும் என்ற அறிவு ஓர் உழைப்பாளர் ஆய்விலிருந்துதான் வந்தது. 1953இல் ஜெரமி மோரிஸ் லண்டன் இரட்டை அடுக்குப் பேருந்துகளைப் பார்த்தார். உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. அப்படியானால் தேயிலை மலையில் இருப்பவர்களுக்கு இதய நோயே வரக்கூடாது அல்லவா? வருகிறது. டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழுவினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு ஆயுள் கூடியது. வேலையிலேயே கடும் உழைப்பு இருந்தவர்களுக்கு ஆபத்து கூடியது. வருமானம், புகைபிடிப்பு எல்லாம் இதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் அவர்கள் சொல்லும் காரணங்களை நான் நிரையில் பார்க்கிறேன்.

நல்ல பயிற்சி குறுகியது, கடினமானது, பிறகு ஓய்வு தருவது. தோட்ட வேலை நீண்டது. மூச்சு வாங்கி இதயம் வலுப்பெறும் அளவுக்குப் பெரும்பாலும் கடினமும் அல்ல, இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் தணியும் அளவுக்கு இடைவெளியும் இல்லை. ஒரே நிலையில் குனிந்து நிற்பது, ஒரே பக்கம் வீசுவது, சில தசைகள் ஓய்வே காணாதிருப்பது, மற்றவை வேலையே காணாதிருப்பது. வேலையின் வேகத்தை உடம்பு தீர்மானிப்பதில்லை, வெட்டிய கொழுந்தின் எடை தீர்மானிக்கிறது. உழைப்பு உடம்பைச் செலவழிக்கிறது, பயிற்சி சேமிக்கிறது. உழைக்கிறவருக்குத்தான் சேமிப்பு அதிகம் தேவை. அவருக்கு நான் எழுதிக் கொடுப்பது இன்னும் ஒரு மணி நேர நடை அல்ல. வேலை தொடாத தசைகளுக்கு வாரம் இரண்டு நாள் சில நிமிட வலுப் பயிற்சி, குனிந்தே இருந்த முதுகுக்கு நிமிர்வு, நல்ல உறக்கம்.

ஓய்வு பெற்றவர்கள் கதை வேறு. மலையில் நாற்பது வருடம் நடந்தவர், பிள்ளைகளோடு ஈப்போவுக்கோ கிள்ளானுக்கோ போய் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார். சாப்பாடு அதே அளவு, நடை இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடாக இருந்தது. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிட நடைக்கு அவ்வளவு பலன் இருப்பது இதனால்தான். மருந்துச் சீட்டு எழுதுவதைப் போலவே பயிற்சிச் சீட்டும் எழுதுகிறேன்: எத்தனை நாள், எவ்வளவு நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாத அளவு வேகம், எந்த வகை. "நடங்க" என்று மட்டும் சொல்வது "மாத்திரை சாப்பிடுங்க" என்று பெயரும் அளவும் இல்லாமல் சொல்வதற்குச் சமம்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் திடலில் பந்து. தோட்டப் பையன்களின் கால்களுக்கு மலை கொடுத்த மூச்சுத் தாங்குதிறன் உண்டு. முட்டியைக் காக்கும் பழக்கம் இல்லை. யாரும் மோதாமலேயே, ஓடி வந்து சட்டென்று திரும்பும்போது முட்டிக்குள் இருக்கும் குறுக்குத் தசைநார் அறுந்துவிடும். அறுவைக்கு மலையிறங்க வேண்டும். பிறகு ஒன்பது மாதம், ஒரு வருடம். ஃபிஃபாவின் '11 பிளஸ்' என்னும் இருபது நிமிட ஆயத்தப் பயிற்சி இதைத் தடுக்கவே உருவானது. நார்வேயில் பதின்ம வயதுப் பெண் ஆட்டக்காரர்களிடம் செய்து 2008இல் வெளியான ஆய்வில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஒற்றைக் காலில் சமநிலை, குதித்துத் தரையிறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்வது, பின்தொடை வலு. பந்தும் திடலும் இருந்தால் போதும். பையன்கள் முதலில் சலித்துக்கொள்வார்கள். அவர்களில் முட்டித் தசைநார் அறுந்த அண்ணன் ஒருவரையே முன்னால் நின்று சொல்லிக்கொடுக்க வைத்தேன். அதற்குப் பிறகு யாரும் தவிர்ப்பதில்லை.

வெளியூர் ஓட்டக்காரர்கள் இங்கே பயிற்சிக்கு வருவதுண்டு. மேட்டுநிலத்தில் தங்கினால் ரத்தம் செழிக்கும் என்ற நம்பிக்கை. கடல்மட்டத்தைவிட இங்கே காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆனால் 1997இல் ஆய்வாளர்கள் லெவினும் ஸ்ட்ரே-கண்டர்சனும் காட்டிய பலன் 2,500 மீட்டரில் தங்கி, கீழே இறங்கிப் பயிற்சி செய்தவர்களுக்கு. தானா ராத்தா 1,500 மீட்டர்கூட இல்லை. சிவப்பணு கூட இந்த உயரம் போதாது என்று அவர்களிடம் சொல்லிவிடுவேன். வெப்பம் இல்லாமல் நீண்ட தூரம் ஓட முடிவதே இங்கே அவர்களுக்குக் கிடைக்கும் நன்மை, அதுவும் சிறியதல்ல.

இப்போது நிரையில் நிற்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டிமாருக்கு வந்த அதே தோள் வலி இவர்களுக்கு வருகிறது. 2019 ஜனவரி முதல் சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் உண்டு. வேலையில் காயம்பட்டால் சிகிச்சை கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. அதைத் தெரியாதவர்கள் அதிகம், அதனால் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். ஒரு காலத்தில் இதே மலையில் எதுவும் தெரியாமல், யாரும் எடுத்துச் சொல்லாமல் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். எடுத்துச் சொல்லும் கடமை நமக்குத்தான் முதலில்.

என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் எளிமையானது. காலை பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் பத்து நிமிடம் தோள், இடுப்பு, கணுக்காலுக்கு ஆயத்தம். ஒரே ஆள் நாள் முழுக்கக் கத்தரி பிடிக்காமல் வேலையை மாற்றிக் கொடுப்பது. காயம்பட்டவர் திரும்பும்போது முழுச் சுமைக்கு முன் படிப்படியான வாரங்கள், அந்த வாரங்களில் கூலி விழாத ஏற்பாடு. டிரஸர்களுக்கு நாலைந்து பயிற்சிகளும் ஒட்டாவா விதிகளும். விளையாட்டு மருத்துவம் படிக்கும் இளம் மருத்துவர்கள் அரங்கத்தில் கழிக்கும் நாட்களில் சிலவற்றையாவது தோட்டத்தில் கழிப்பது. இவற்றில் எதற்கும் புதிய கட்டடம் தேவையில்லை.

தோள் நாண் வலியோடு வந்த அந்த அம்மா முதல் சந்திப்பில் கேட்டது ஊசி. சில மாதங்களுக்குப் பிறகு வந்தபோது முழு நேரக் கத்தரிக்குத் திரும்பியிருந்தார். மோட்டார் டியூப் இப்போது லேசாக இருக்கிறதாம், "அடுத்து எவ்வளவு கூட்டலாம் டாக்டரம்மா?" என்று கேட்டார். தன் உடம்பின் சுமைக் கணக்கைத் தானே கையில் எடுத்துக்கொண்டவரின் கேள்வி அது. மலையில் இருக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கும் நிலைக்கு வர வேண்டும். விளையாட்டு மருத்துவருக்கு இங்கே இருக்கும் வேலை அதுதான்.